கீமோ போர்ட்டை எப்போது எடுக்கலாம்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கீமோ டே கேர் வார்டில் நீண்ட காலம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். போர்ட் என்பது கீமோ மருந்தை ஏற்றுவதற்காகப் பெரும்பாலும் நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் ஒரு சின்ன டப்பா. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும். அதை வைப்பதைப் பற்றி எல்லோரும் விளக்கமாகச் சொல்கிறார்கள். எடுப்பதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அதனால்தான் இத்தனை கேள்விகள் வந்திருக்கின்றன. முடிவு உங்கள் டாக்டரோடு சேர்ந்து எடுப்பதுதான். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இந்தப் பதில்கள் உதவட்டும்.

கேள்வி (மதுரை): சிஸ்டர், எனக்கு 46 வயசு. மார்பகப் புற்றுநோய். கடைசி கீமோ முடிஞ்சு மூணு வாரம் ஆகுது. ஆபரேஷன் பண்ணின சர்ஜன் "போர்ட்டை எடுத்துடலாம்மா"ங்கிறார். கீமோ டாக்டர் "ஒரு வருஷம் இருக்கட்டும்"ங்கிறார். யார் பேச்சைக் கேக்கறது?

பதில்: முதலில் உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஹெர்-2 பாசிட்டிவ் (புற்றுச் செல்களில் ஹெர்-2 என்ற புரதம் அதிகம்) என்று இருந்தால் கீமோ முடிந்தாலும் மருந்து முடியவில்லை. ட்ராஸ்டுஸுமாப் மருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஒரு வருடம் ஏற வேண்டும். கீமோ டாக்டர் சொல்லும் ஒரு வருடக் கணக்கு அதுவாக இருக்கலாம். அதே மருந்தைத் தொடையில் தோலுக்கடியில் போடும் ஊசியாகவும் தருகிறார்கள். அப்படிப் போடுவதாக இருந்தால் அதற்காகப் போர்ட் வேண்டியதில்லை. ட்ரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன், ஹெர்-2 எல்லாமே நெகட்டிவ்) வகையில் சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் பெம்ப்ரோலிஸுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து தொடரும். அவர்களுக்கும் போர்ட்டில் வேலை இருக்கிறது.

ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்-2 நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் இனி மாத்திரைதான். டமாக்ஸிஃபென், லெட்ரோஸோல் எதுவும் போர்ட் வழியாகப் போவதில்லை. "திரும்ப வந்தால் தேவைப்படுமே" என்று வைத்திருப்பதிலும் இந்த வகைக்குப் பெரிய அர்த்தம் இல்லை. இது பத்து வருடம் கழித்துக்கூடத் திரும்பக்கூடியது. அத்தனை காலம் போர்ட்டைச் சுமக்க முடியாது. ட்ரிபிள் நெகட்டிவ் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடங்களுக்குள். அதனால் அந்த வகையில் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று சில டாக்டர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மருந்து இன்னும் பாக்கி இருக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டியவர் கீமோ டாக்டர். அதனால் அவரிடம் நேராகவே கேளுங்கள்: "டாக்டர், இந்தப் போர்ட் வழியா இனிமே எனக்கு என்ன மருந்து போகப்போகுது?" பதில் "ஒன்றுமில்லை" என்றால் எடுக்கும் பேச்சை அன்றைக்கே தொடங்கலாம்.

கேள்வி (சேலம்): என் மனைவிக்குப் பெருங்குடல் புற்று, மூணாவது ஸ்டேஜ். ஆறு மாசக் கீமோ முடிஞ்சுது. சி.டி நல்லா இருக்கு. டாக்டர் போர்ட்டை எடுக்கலாம்னு சொல்லியும் அவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. "எடுத்தா நோய் திரும்பிடும், நாமளே அதுக்கு வழி விட்ட மாதிரி"ன்னு அழறாங்க.

பதில்: இந்தப் பயத்தை நான் வார்டில் நிறைய முகங்களில் பார்த்திருக்கிறேன். அதைத் தப்பு என்று சொல்லாதீர்கள். போர்ட்டுக்கும் நோய் திரும்புவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது ரத்தக்குழாய்க்குப் போகும் ஒரு வழி, அவ்வளவுதான். ஒருவேளை பின்னால் தேவைப்பட்டால் இன்னொன்று வைக்கலாம். இதை அவர்களுடைய டாக்டரே அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பார்கள்.

மூன்றாம் ஸ்டேஜ் பெருங்குடல் புற்று திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான். அதனால்தான் நோய் திரும்புகிறதா என்று காட்ட உதவும் சி.இ.ஏ ரத்தப் பரிசோதனையை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். முதல் ஸ்கேன் சுத்தமாக வந்ததும் எடுக்கும் டாக்டர்களும் உண்டு, இரண்டு வருடம் வரை விட்டுவைப்பவர்களும் உண்டு. கை நரம்பு கிடைக்காமல் முன்பு ரொம்பப் பாடுபட்டவர் என்றால் நானும் கொஞ்சம் வைத்திருக்கச் சொல்வேன். ஆகவே அவர்கள் அடுத்த ஸ்கேன் வரை கேட்டால் டாக்டரிடம் சொல்லி அந்த அவகாசத்தைக் கொடுங்கள். ஆனால் ஃப்ளஷ் (குழாய் அடைக்காமல் இருக்க அவ்வப்போது சேலைன் செலுத்திக் கழுவுவது) தவறக் கூடாது. வைத்திருக்கும் உரிமையோடு வரும் பொறுப்பு அது.

கேள்வி (யாழ்ப்பாணம்): அம்மாவுக்கு சிகிச்சை முடிஞ்சு ஆறு மாசம். கொழும்புப் பக்கம் போறது கஷ்டம் எண்டு அஞ்சு மாசமா ஃப்ளஷ் பண்ணேல்லை. போன கிழமை கிட்ட இருக்கிற கிளினிக்கில கேட்டம். சேலைன் இறுக்கமாப் போகுதாம், இரத்தம் இழுக்குதில்லை. அழுத்திப் பாக்கட்டோ எண்டு கேக்கினம். என்ன செய்யிறது அக்கா?

பதில்: அழுத்தவே வேண்டாம் தம்பி. போர்ட்டில் 10 மில்லி அல்லது அதைவிடப் பெரிய சிரிஞ்சைத்தான் பயன்படுத்த வேண்டும். சிரிஞ்சு சின்னதாக ஆக, உள்ளே ஏறும் அழுத்தம் கூடும். குழாய் வெடிக்கலாம், இணைப்பு கழன்றுவிடலாம்.

அந்தக் கிளினிக்கில் எந்த ஊசி போட்டார்கள் என்று விசாரியுங்கள். போர்ட்டின் மேலே இருக்கும் சிலிக்கோன் மூடிக்கு ஹியூபர் ஊசி மட்டும்தான் சரி. அதன் முனை மூடியைத் துண்டாக அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும்படி செய்தது. சாதாரண ஊசி சிலிக்கோனைக் குடைந்து எடுத்துவிடும், பிறகு அந்த இடத்தில் கசியும். சிறிய ஊர்களில் ஹியூபர் ஊசி கைவசம் இருக்காது. ஃப்ளஷுக்குப் போகும்போது பார்மசியில் வாங்கிக் கையோடு கொண்டுபோகச் சொல்லி நான் எல்லோருக்கும் சொல்வேன்.

ரத்தம் திரும்பாததற்குப் பல காரணம் உண்டு. குழாய் நுனியில் ஃபைப்ரின் உறை (ரத்தத்தில் உள்ள புரதம் சவ்வு போலப் படிவது) படிந்திருக்கலாம், ரத்தம் உறைந்திருக்கலாம், குழாய் மடங்கியோ இடம் மாறியோ இருக்கலாம். சில நேரம் கையைத் தூக்கினாலோ இருமினாலோ வரும். இல்லாவிட்டால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உறைந்ததைக் கரைக்க மருந்தும் இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. இனி மருந்து ஏற வேண்டியதில்லை என்று டாக்டர் உறுதியாகச் சொன்னால் அடைபட்ட போர்ட்டைக் காப்பாற்றப் பாடுபட வேண்டாம். எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை ஃப்ளஷ் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான்கு வாரம் என்பது பழைய வழக்கம். சிகிச்சை முடிந்தவர்களுக்கு எட்டு அல்லது பன்னிரண்டு வாரமாக நீட்டும் மருத்துவமனைகள் இப்போது உண்டு. உங்களுக்கு எது என்பதை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பயணம்தான் தடை என்றால் அந்த நீட்டிப்பை நீங்களே கேட்கலாம்.

கேள்வி (திருச்சி): ஃப்ளஷ் பண்ணிட்டு வந்த ராத்திரியே அப்பாவுக்குக் குளிர் நடுக்கத்தோட காய்ச்சல். காலையில விட்டுடுச்சு. அடுத்த ஓபிக்குக் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். இதைப் படித்ததும் கிளம்புங்கள். ஃப்ளஷ் செய்தவுடன் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் போர்ட்டுக்குள் கிருமி இருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துச் சமாளிக்கும் காய்ச்சல் இல்லை இது. ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியோ கேண்டிடா பூஞ்சையோ ரத்தத்தில் தெரிந்தால் போர்ட்டை எடுத்தே ஆக வேண்டும். அப்போது "இன்னும் சிகிச்சை பாக்கி இருக்கிறதே" என்று யோசிக்க இடமில்லை.

கேள்வி (கோவை): எம்.ஆர்.ஐ எடுக்கணும். அதுக்காகவே போர்ட்டை எடுக்கணுமா?

பதில்: வேண்டாம். இப்போது வைக்கும் போர்ட்கள் பெரும்பாலும் டைட்டேனியமோ பிளாஸ்டிக்கோதான். வைத்தபோது கொடுத்த கார்டை ஸ்கேன் சென்டரில் காட்டுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): போர்ட் இருக்கிற பக்கத்துக் கை வீங்கி, ரத்தக்கட்டின்னு சொல்லிட்டாங்க. உடனே எடுக்கணுமா?

பதில்: ரத்தக்கட்டி வந்ததனால் மட்டும் எடுக்க வேண்டியதில்லை. போர்ட் நன்றாக வேலை செய்கிறது, கிருமி இல்லை, மருந்தும் இன்னும் ஏற வேண்டும் என்றால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்துக்கொண்டே அதைப் பயன்படுத்துவார்கள். வேலை முடிந்த போர்ட் என்றால் எடுப்பார்கள். என்றைக்கு என்பதை டாக்டர் சொல்வார். எடுத்த பிறகும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. குறைந்தது மூன்று மாதமாவது தொடர்வது வழக்கம்.

கேள்வி (சென்னை): எடுக்கும்போது ரொம்ப வலிக்குமா? எத்தனை நாள் லீவு போடணும்?

பதில்: வைத்ததைவிட எடுப்பது எளிது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, பழைய தழும்பிலேயே கீறி, குழாயை உருவிவிட்டுப் போர்ட்டை எடுப்பார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடியும், அன்றைக்கே வீடு திரும்பலாம். மரக்கும் ஊசி சுருக்கென்று இருக்கும். பிறகு இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், கூர்மையான வலி இருக்காது. இருந்தால் உடனே சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள்.

முன்கூட்டியே பிளேட்லெட்டும் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ரத்தம் உறையும் நேரமும் பார்ப்பார்கள். பிளேட்லெட் 50,000-க்கு மேல் இருப்பது நல்லது. கிளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஓரிரு நாளில் போய்விடலாம். தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர் தூக்குவதை ஒரு வாரத்துக்காவது தள்ளிப் போடுங்கள்.

கேள்வி (ஈரோடு): அஞ்சு வருஷமா தொந்தரவே இல்லாம உள்ளே இருக்கு. எலும்புக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸோலெட்ரானிக் ஆசிட் ஏத்தறாங்க. அப்படியே விட்டுடலாமா? டாக்டரும் "உங்க இஷ்டம்மா"ன்னுட்டார்.

பதில்: இத்தனை வருடத்தில் எடுக்க வேண்டும் என்று ஒரு கட்டாயம் இல்லைதான். ஆனால் வேலை இல்லாத போர்ட்டை விட்டுவைக்காதீர்கள் என்றே நான் சொல்வேன். நாள் ஆக ஆகக் குழாய் ரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு எடுக்கச் சிரமம் தரலாம். காறை எலும்புக்கு அடியில் போகும் குழாய் என்றால், அந்த எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் நசுங்கி நசுங்கி உடையவும் கூடும். உடைந்த துண்டு இதயம் வரை போனதுண்டு. அது அபூர்வம்தான். ஆனால் பயனில்லாத ஒரு பொருளுக்காக அந்த அபூர்வத்தை ஏன் ஏற்க வேண்டும்? எலும்புக்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸோலெட்ரானிக் ஆசிட் ஏறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கை நரம்பிலேயே ஏற்றலாம். இரண்டு மார்பிலும் ஆபரேஷன் ஆகி, அக்குள் நிணநீர்க் கட்டிகளையும் எடுத்து, எந்தக் கையிலும் ஊசி குத்த யோசிக்கும் நிலை என்றால் மட்டும் கணக்கு மாறும். அதை டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள்.

அடுத்த செக்கப்பில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் குழாய் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், போர்ட்டை எடுக்கும் தேதியையும் குறித்துவிடுங்கள். எடுத்த பிறகு, குழாய் நுனி வரை முழுமையாக வெளியே வந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அந்தத் தாள் உங்கள் ஃபைலில் எப்போதும் இருக்க வேண்டும்.