வார்டிலிருந்து வீட்டுக்கு: ஓ.டி. ஐயாவிடம் கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவன் நான். அரசாங்க மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் 27 வருடம் ஓ.டி.யாக இருந்து ஓய்வு பெற்றேன். ஓ.டி. என்றால் ஓவர்டைம் என்று நினைத்துச் சம்பளக் கணக்கு கேட்டுவிட்டார் ஒருவர். அது இல்லை, ஆக்குபேஷனல் தெரபி. நோயால் கைவிட்டுப்போன அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிற சிகிச்சை இது. டாக்டர் மருந்து எழுதுவார். நாங்கள் "இன்று பல் துலக்கினாயா" என்பதில் தொடங்குவோம். மருந்தின் அளவைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். கேட்பீர்கள், தெரியும்.

தோட்ட லயத்து அம்மா: மகனுக்கு 24 வயது. காதில் குரல் கேட்டு ஆறு வாரம் வார்டில் இருந்தான். வந்து இரண்டு மாதம் ஆகிறது. குரல் நின்றுவிட்டது. ஆனால் மத்தியானம் வரை படுக்கிறான், சொன்னால்தான் குளிக்கிறான். சோம்பேறி ஆகிவிட்டானா?

இல்லை அம்மா. குரல் போன பிறகும் எதிலும் மனம் ஒட்டாமல், ஒரு காரியத்தைத் தொடங்கவே முடியாமல் கிடப்பது அதே நோயின் இன்னொரு முகம். மருந்து குரலை அடக்குகிற அளவுக்கு இதை அடக்குவதில்லை. ராத்திரி மாத்திரையின் மயக்கமும் சேர்ந்திருக்கலாம். மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று அடுத்த அப்பாயிண்ட்மெண்டில் டாக்டரிடம் கேளுங்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அவன் குடிக்கிற மைலோவை யார் கலக்குகிறார்கள்? நீங்கள்தானே?

இதே வயதுப் பையன் ஒருவனை வார்டு சமையலறைக்கு அழைத்துப்போய் மைலோ கலக்கச் சொன்னேன். தண்ணீர் சுட வைத்தான், கோப்பை எடுத்தான், டின்னைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டும், அது வரவில்லை. நாலு நிமிடம் நின்றான். அம்மாவாக இருந்தால் அந்த இடத்தில் டின்னைப் பிடுங்கியிருப்பார். நான் மூடியை மட்டும் திறந்து வைத்துவிட்டு நகர்ந்தேன். மீதியை அவன் செய்தான். மறுநாள் பாதி நெம்பி வைத்தேன். ஒன்பதாவது நாள் அவனே நெம்பினான், மூடி பறந்து சிங்க்கில் விழுந்தது. அன்றைக்குத்தான் அவன் சிரித்து நான் பார்த்தேன்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். முழு வேலையையும் அவன் தலையில் போடாதீர்கள், முழு வேலையையும் பிடுங்கவும் பிடுங்காதீர்கள். துணி துவைப்பது நீங்கள், கடைசி இரண்டு சட்டையைக் கொடியில் போடுவது அவன். நாலு நாள் கழித்து ஐந்து சட்டை. எழுந்திருப்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். கோழி வளர்க்கிறீர்களா? தீனி போடுவது அவன் பொறுப்பு என்று ஒரு தடவை சொல்லுங்கள், பிறகு நீங்கள் போடாதீர்கள். கோழி கத்தும். கத்தட்டும். நீங்கள் நூறு தடவை எழுப்புவதைவிட அதற்குப் பலன் அதிகம். பன்னிரண்டு மணிக்கு எழுகிறவனை ஆறு மணிக்கு எழுப்ப வேண்டாம். இந்த வாரம் பதினொன்றரை போதும்.

மாமியார்: மருமகள் இப்போது நன்றாக இருக்கிறாள். மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

நன்றாக இருப்பதற்கு மாத்திரையும் ஒரு காரணம் அம்மா. நிறுத்தினால் மறுநாளே பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதுதான் வம்பே. "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று வீடே சந்தோஷப்படும். நோய் சில வாரமோ சில மாதமோ கழித்து வந்து கதவைத் தட்டும். குறைப்பதென்றால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தாமான்வாசி: அண்ணனுக்கு ஒரு வருடமாக மாத்திரை. போதும்தானே?

மேலே படியுங்கள்.

பழம் வெட்டுகிறவர்: மனச்சோர்வில் மூன்று மாதம் லீவு. அடுத்த வாரம் செம்பனைக்காட்டுக்குத் திரும்பலாமா? மண்டோர் (மேற்பார்வையாளர்) கூப்பிடுகிறார்.

திரும்புங்கள், ஆனால் நேராகப் பழம் வெட்டுக்குப் போகாதீர்கள். நீளக் கம்பின் முனையில் அரிவாள், தலைக்கு மேலே இருபது கிலோ குலை. காலை மாத்திரைத் தூக்கம் தெளியாத ஆள் நிற்கிற இடமா அது? டாக்டரிடம் லைட் டியூட்டிக்குக் கடிதம் வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் உதிரிப் பழம் பொறுக்குங்கள், வாரம் மூன்று நாள், அரை நாள். அப்புறம் நாளைக் கூட்டுங்கள், அப்புறம் மணியை. மூன்றாவது வாரம் களைத்துப்போவீர்கள். அது நோய் திரும்பியது அல்ல, மூன்று மாதம் சும்மா இருந்த உடம்பு. களைக்கொல்லி, பூச்சி மருந்து அடிக்கிற வேலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஒரு மனைவி: கணவர் உயிரை விட முயன்று பிழைத்தார். போலீஸ் கேஸ் வருமா? அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

தங்கச்சி, வராது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள். பயந்து மறைக்க வேண்டாம், கிளினிக்கில் உள்ளதைச் சொல்லுங்கள்.

வீட்டிலும் ஸ்டோரிலும் இருக்கிற களைக்கொல்லி, பூச்சி மருந்து எல்லாவற்றையும் இன்றே அப்புறப்படுத்துங்கள், முடியாவிட்டால் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். பாராகுவாட் என்கிற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் தடை. ஆனாலும் பழைய கேனைப் பின்கட்டில் வைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். மாத்திரையையும் மொத்தமாகக் கையில் கொடுக்காதீர்கள். அந்த எண்ணம் திரும்ப வருகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது. பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண் 15555, ஆபத்து என்றால் 999.

சொக்சோ பற்றி ஒருவர்: வேலை செய்ய முடியாதவர்களுக்குத் தருகிற இன்வாலிடிட்டி பணம் கிடைக்குமா?

அதைச் சொல்ல வேண்டியது பெர்கெசோ (சொக்சோவின் மலாய்ப் பெயர்) அலுவலகம். நான் இல்லை.

முருகனடிமை: தம்பிக்கு பைபோலார், மனம் மாறி மாறி உச்சத்துக்கும் சோர்வுக்கும் போகிற நோய். லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் காவடி எடுக்க வேண்டுதல். 48 நாள் உப்பில்லாத விரதம். எடுக்கலாமா?

நானும் மூன்று வருடம் காவடி எடுத்தவன், அதனால் நாத்திகன் என்று ஆரம்பிக்காதீர்கள். லித்தியமும் ஒரு வகை உப்புதான். சாப்பாட்டு உப்பைத் திடீரென்று குறைத்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏறும். வெயிலில் வேர்த்து, தண்ணீரும் குடிக்காவிட்டால் இன்னும் ஏறும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. முதுகு வலிக்குப் பொன்ஸ்தான் போடுவதும் இதே ஆபத்து.

வேல்மாறன்: மாத்திரை போட்டால் விரதம் முறிந்துவிடும். முருகன் பார்த்துக்கொள்வான்.

தண்ணீர் குடித்தால் முறியாத விரதம் மாத்திரையில் எப்படி முறியும்?

வேல்மாறன்: அப்படியென்றால் அருள் வருவதையும் நோய் என்பீர்களா?

சொல்லவே இல்லையே. அருள் மேளத்தோடு வரும், மேளத்தோடு போகும். வேலைக் கழற்றித் திருநீறு பூசியதும் ஆள் உட்கார்ந்து சாதம் கேட்பான், பெயரைச் சொல்வான், ராத்திரி தூங்குவான். மூன்று ராத்திரி தூங்காமல், கடன் வாங்கி ஊருக்கே அன்னதானம் போடுகிறேன் என்று கிளம்பினால் அது வேறு. பைபோலார் உள்ளவரை அந்த நிலைக்குத் தள்ளிவிடுவது பல நேரம் தூக்கம் கெடுவதுதான். எனக்குக் காவடியைவிட அதற்கு முந்திய ராத்திரி கண்விழிப்பில்தான் பயம்.

முருகனடிமையின் அக்கா: வேண்டாம் என்று சொன்னால் அவன் அழுகிறான் ஐயா.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. வார்டிலிருந்து வந்தவனுக்கு ஊரோடு சேர்ந்து நடக்கிற ஒரு நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இந்த வருடம் பால்குடம் எடுக்கட்டும். வழக்கம்போல் உப்புப் போட்ட சைவச் சாப்பாடு, ராத்திரி வீட்டில் தூக்கம், விடிந்ததும் முதல் கூட்டத்தோடு நடை, கையில் தண்ணீர். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: வீட்டுப் பால்குடங்களுக்கு மஞ்சள் துணி கட்டுவது அவன்தான்.

வேல்மாறன்: எங்கள் தாத்தா காலத்தில்...

தம்பி, தாத்தா காலத்தில் லித்தியம் இல்லை. போதும்.

புதியவர்: என் மனைவிக்கு எப்போது மாத்திரை நிறுத்த...

மேலே. மேலே. மேலே.

பெயர் வேண்டாம்: வார்டில் இருந்தது நான்தான். மாமாக் சாப்பாட்டுக் கடையில் "தஞ்சோங் ரம்புத்தான் ரிட்டர்ன்" என்கிறார்கள். ஐந்து மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை.

உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிற அந்த மனநல ஆஸ்பத்திரி 1911இல் திறந்தது. நூறு வருடத்துக்கு மேலாக ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அதை நீங்கள் ஒரு நாளில் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரு ரொட்டி சானாய்.

முதல் வாரம் காலை பத்தரைக்குப் போங்கள், கூட்டம் கலைந்திருக்கும். உட்காராமல் பூங்குஸ் (பொட்டலம்) வாங்கிக்கொண்டு திரும்புங்கள். இரண்டாவது வாரம் நம்பிக்கையான ஒருவரோடு வெளி மேசையில் ஒரு தே தாரிக். யாராவது கேட்டால் சொல்ல ஒரு வரியைக் கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள்: "உடம்பு சரியில்லை, இப்போது பரவாயில்லை, நீங்கள் எப்படி?" அந்த "நீங்கள் எப்படி"யை விட்டுவிடாதீர்கள். பேச்சு அவர்கள் பக்கம் திரும்பிவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு மூட்டுவலியைப் பற்றிப் பேசச் சந்தர்ப்பம் கொடுத்தால் வேறெதுவும் நினைவிருக்காது.

நெஞ்சு படபடத்தால் எழுந்து ஓடாதீர்கள். கோப்பையில் பாதி காலியாகும் வரை இருங்கள், பிறகு போகலாம். வேலை தேடும் எண்ணம் வந்ததும் கிளினிக்கில் சொல்லி மெந்தாரி என்கிற சமூக மனநல மையத்துக்குக் கடிதம் வாங்குங்கள். வேலை தேடித் தந்து, சேர்ந்த பிறகும் கூடவே நிற்கிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் முதலில் ரொட்டி. செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு நானே அந்தக் கடையில் இருப்பேன், வெளி மேசை. தெரிந்தவர் மாதிரி காட்டிக்கொள்ள மாட்டேன்.