திருகோணமலையில் புதிதாகத் தெரிவான எம்.பி.யின் உண்மையான நிலைப்பாட்டை எப்படி அறிவது?

மேடைப் பேச்சை விடுங்கள், நாடாளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டைப் பாருங்கள். நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதம் அமைச்சு வாரியாக நடக்கும். காணி, மீன்பிடி, வலுசக்தி நாட்களை முதலில் தேடுங்கள். பேசிய மொழியிலேயே அச்சாவதால், தமிழில் மட்டும் தேடினால் சிங்கள உரைகள் தப்பிவிடும்.

வாக்களிப்பில்தான் பலர் ஏமாறுவது. குரல் வாக்கில் நிறைவேறினால் யார் எந்தப் பக்கம் என்ற பதிவே இராது. பெயர் வாரியாக வாக்கெடுத்தால்தான் பட்டியல் வரும்.

நேரில் கேட்பதென்றால் கேள்வியைக் கூர்மையாக்குங்கள். "எண்ணெய்க் குதத் திட்டத்தை ஆதரிக்கிறீர்களா?" என்றால் மழுப்பிவிடுவார்கள். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி திருகோணமலையின் 99 எண்ணெய்த் தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளை நிறுவனமான லங்கா ஐஓசியிடம், 24 இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டினதும் கூட்டு நிறுவனத்திடம். அந்த நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். இந்தப் பங்கீட்டை மாற்றச் சொல்கிறாரா, அப்படியே விடச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.