மகளைக் கிளெண்டனுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள அக்கா,

"நாலு வருசம் கலைப் படிப்பு, அதுவும் பாதி பிரெஞ்சில். முடிச்சுப்போட்டு என்ன வேலைக்குப் போவாள்?" என்று டொரொன்டோவில் இருக்கும் கிளெண்டன் கல்லூரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை செய்யக்கூடிய அளவுக்குப் பிரெஞ்சு பிடித்துக்கொண்டு வெளியே வருவாள் என்றால் அனுப்புங்கள். ஆங்கில வகுப்புகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து நாலு வருடத்தை ஓட்டப்போகிறாள் என்றால் வேண்டாம். அந்தப் பட்டம் வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்காபரோவிலேயே கிடைக்கும்.

கிளெண்டன் யோர்க் பல்கலைக்கழகத்தின் சின்ன வளாகம்; அதன் பெரிய கீல் வளாகத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு கிராமம் மாதிரித் தெரியும். 1966இல் ஆங்கில, பிரெஞ்சு இருமொழிக் கல்லூரியாகத் தொடங்கியபோது அதன் முதல் அதிபராக வந்தவர் எஸ்கொட் றீட் என்ற இராஜதந்திரி. இரண்டு மொழியிலும் பொதுப்பணி செய்யக்கூடியவர்களை உருவாக்குவதுதான் நோக்கம். மூன்று வருடம் கழித்து, 1969இல், ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் கனடாவின் அரச மொழிகளாக்கிய உத்தியோக மொழிகள் சட்டம் வந்தது. அங்கே அதிபராக இருந்த டயான் ஆடம் 1999இல் கனடாவின் உத்தியோக மொழிகள் ஆணையாளரானார். இந்தக் கல்லூரி எந்த வேலைச் சந்தையைப் பார்த்து நிற்கிறது என்பது இதிலேயே விளங்கும்.

மத்திய அரச வேலைகளில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு இருமொழிப் பதவிகள். இரண்டாம் மொழியில் வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றையும் தனித்தனியே சோதித்து ஏ, பி, சி என்று ஏறுவரிசையில் நிலை தருவார்கள். ஆட்களை மேற்பார்வை செய்யும் பதவி என்றால் வாசிப்பில் சி, எழுத்தில் பி, பேச்சில் சி கேட்பது வழக்கம். இருமொழிப் படியாக வருடம் 800 டொலர் தருகிறார்கள். அது பெரிய காசல்ல. பிரெஞ்சு இல்லாதவர் ஓர் இடத்துக்கு மேல் ஏற முடியாமல் நிற்கும்போது இவள் ஏறலாம் என்பதுதான் பெறுமதி.

ஊரில் 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு அரச உத்தியோகத்தில் இருந்த எங்கள் ஆட்கள் சிங்களப் பரீட்சைக்குப் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்னொரு மொழி என்றதும் உங்கள் மனம் பின்வாங்குவது எனக்கு விளங்குகிறது. ஆனால் இதை அவளில் யாரும் திணிக்கவில்லை அக்கா, அவளாகக் கேட்கிறாள்.

ஆசிரியத் தொழிலையும் யோசியுங்கள். ஒன்ராறியோவில் பிரெஞ்சு படிப்பிக்க ஆசிரியர் போதாமல் பாடசாலைச் சபைகள் பல வருடமாகத் திண்டாடுகின்றன. பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடக் கல்வியியல் படிப்பு. சட்டம் படிக்க ஆசை வந்தால் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மரபில் வந்த பொதுச் சட்டத்தை (common law) பிரெஞ்சிலேயே படிக்கலாம். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிப் போவதென்றால் நான் தயங்குவேன். தொடக்கநிலை வேலைகளை இப்போது இயந்திரம் செய்கிறது.

இனி, நான் உண்மையில் பயப்படும் விஷயம். வரைபடத்தைப் பார்த்தால் லோரன்ஸ் கிழக்கு வீதியில் நேரே மேற்கே போக, பேவியூவில் கல்லூரி வாசல் வந்துவிடும் போலிருக்கும். டொன் பள்ளத்தாக்கில் அந்த வீதி அறுந்து கிடக்கிறது. சுற்றித்தான் போக வேண்டும். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் பிள்ளை வகுப்பு முடிந்த கையோடு கிளம்பிவிடும். பிரெஞ்சு வாயில் வருவது வகுப்புக்குப் பிறகுதான்: சாப்பாட்டு மேசையில், நாடக ஒத்திகையில், 'புரோ டெம்' என்ற இருமொழி மாணவர் பத்திரிகையில். வளாகத்துக்குள் ஹில்லியார்ட், வுட் என்று இரண்டு விடுதிகள் இருக்கின்றன. கட்டுப்படியாகுமென்றால் முதல் வருடமாவது அங்கே இருக்க விடுங்கள். பெண்பிள்ளையை வெளியே விடுவதா என்ற யோசனை உங்களுக்கு இருக்கும். ஆனால் செலவழிக்கும் காசில் அதிகப் பலன் தரப்போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் பிரெஞ்சை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கோடையில் மத்திய அரசின் உதவியோடு நடக்கும் 'எக்ஸ்ப்ளோர்' திட்டம் ஐந்து வாரம். பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்கும். பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் ஓர் ஊரைத் தேர்ந்து போகட்டும். அந்த ஐந்து வாரமும் ஆங்கிலத்துக்கு ஓடாமல் தாக்குப்பிடித்தால், நாலு வருடத்தையும் தாக்குப்பிடிப்பாள். அழுதுகொண்டு திரும்பி வந்தால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வணிகப் படிப்புக்கு வந்த இடத்தை இன்னும் கைவிட வேண்டாம், பதில் சொல்லக் கெடு இருக்கிறது. அதற்கு முன் ஒரு வேலை நாளில் இரண்டு பேருமாகக் கிளெண்டனுக்குப் போங்கள். பாட ஆலோசகரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இருமொழிப் பட்டத்துக்கு மேல் வகுப்புகளில் எத்தனை பாடம் பிரெஞ்சில் எடுக்க வேண்டும், அவள் விரும்பும் பாடங்கள் வருடாவருடம் பிரெஞ்சில் நடக்கின்றனவா. பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள், இருந்து பேசுவோம்.