கடைசி நாட்கள்ல வீட்டுல வச்சு பார்த்துக்கிறது: கேளுங்க, சொல்றேன்

நான் பாலியேட்டிவ் கேர் நர்ஸ், அதாவது குணமாக்க முடியாத நோயில வலியையும் கஷ்டத்தையும் குறைக்கிற சிகிச்சை, வீடு வீடா போய் பார்க்கிற வேலை. கேட்டவங்களுக்கெல்லாம் கீழ பதில்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு கேன்சர் முத்திடுச்சு, இனி வீட்டுல வச்சுக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. மூணு நாளா ரெண்டு ஸ்பூன் கஞ்சிக்கு மேல இறங்கல. ட்ரிப்ஸ் போடாம பட்டினி போடுறீங்களான்னு அத்தை அழுறாங்க.

பதில்: அத்தை அழுறது பாசத்துல, அவங்க மேல கோவப்படாதீங்க. உடம்பு அடங்குற நேரத்துல பசியும் தாகமும் தானா குறையும்மா, நாம பசிச்சா தவிக்கிற தவிப்பு அவருக்கு இருக்காது. இந்த நிலைமையில ட்ரிப்ஸ் ஏத்தினா பல பேருக்கு அந்த தண்ணி கால்லயும் நுரையீரல்லயும் தேங்கி மூச்சு இன்னும் கஷ்டமாகும், இருந்தாலும் உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க பாட்டிக்கு வலுக்கட்டாயமா பால் புகட்டினேன், புரையேறி அவங்க பட்ட பாடு இன்னிக்கும் கண்ணுல நிக்குது. அவரா கேட்டா தலையை நல்லா தூக்கி வச்சு ஒரு ஸ்பூன் குடுங்க, போதும். ஈரப்பஞ்சால வாயை அடிக்கடி துடைச்சு உதட்டுல கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்க. அதை அத்தை கையில குடுங்க, அவங்களுக்கும் மனசு ஆறும்.

கேள்வி: சிஸ்டர், மார்ஃபின் குடுத்தா சீக்கிரம் போயிடுவாங்களாமே?

பதில்: மார்ஃபின் கடும் வலிக்கு குடுக்கிற மருந்து, டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா அப்படி ஆகாது. வலி வந்தப்புறம் ஓடாதீங்க, சாதா மார்ஃபின் மாத்திரைன்னா நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா கடிகாரம் பார்த்து குடுக்கணும். மலச்சிக்கல் கண்டிப்பா வரும், அதுக்கும் மருந்து கேட்டு வாங்குங்க. 1985 போதைப்பொருள் சட்டத்துக்கு பயந்தே மார்ஃபினை வைக்காத ஆஸ்பத்திரியும் மருந்துக்கடையும் நிறைய, 2014ல சட்டத்தை திருத்தி கெடுபிடியை தளர்த்தியும் எத்தனையோ பேர் வலியில துடிக்கிறாங்க, எனக்கு வயிறு எரியுது. அரசு ஆஸ்பத்திரி பாலியேட்டிவ் பிரிவுல கேளுங்க, 2021ல வந்த தமிழ்நாடு அரசோட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல வீட்டுக்கே வந்தும் பார்ப்பாங்க.

கேள்வி: வென்டிலேட்டர் வேண்டாம்னு அம்மா இப்பவே எழுதி வைக்கலாமா?

பதில்: தாராளமா. 2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கிச்சு. முதல்ல மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னு இருந்துச்சு, 2023 ஜனவரியில மாத்தி ரெண்டு சாட்சியோட நோட்டரி இல்லன்னா கெசட்டட் ஆபீசர் போதும்னுட்டாங்க. அம்மா தெளிவா இருக்கும்போதே எழுதுங்க, வீட்டுல எல்லாருக்கும் சொல்லிடுங்க.

கேள்வி: தாத்தாவுக்கு தொண்டையில கரகரன்னு சத்தம், மூச்சு முட்டுதோன்னு பயமா இருக்கு.

பதில்: முழுங்க முடியாம எச்சில் தேங்குற சத்தம்ப்பா அது. அரைமயக்கத்துல இருக்கிறவருக்கு அது பெருசா தெரியாது, கேக்குற நமக்குத்தான் நெஞ்சு பதறுது. ஒருக்களிச்சு படுக்க வைங்க, சத்தம் குறையும். ஊசி மருந்தும் இருக்கு, உங்க ஊர் பாலியேட்டிவ் டீமுக்கு இப்பவே போன் பண்ணுங்க. அவர் கையை புடிச்சுக்கிட்டு பேசுங்க.