ஒரு மில்லிகிராம் தூசி என்ன செய்துவிடும்?

காற்று மாசு பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதற்கு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பலரும் கேட்டவற்றை முதலில் எடுத்திருக்கிறேன்.

தினமும் காலை 5 மணிக்கு நடக்கப் போகிறேன், வயது 63. அந்த நேரத்தில்தான் சுத்தமான காற்று என்று நம்பிப் போகிறேன், ஆனால் மார்கழி, தை வந்தால் இருமல் விடுவதில்லை. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் மனைவி. அதுதானா?
— வாசகர், கோவை

உங்கள் மனைவி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. குளிர்ந்த காற்றே சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ஆனால் விடியற்காலைக் காற்று சுத்தம் என்பது குளிர்கால மாதங்களில் பெரும்பாலும் பொருந்தாது. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதை ஒட்டிய காற்றும் கூடவே குளிரும், அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி ஓடிய லாரிப் புகை, தெரு ஓரம் கூட்டிக் கொளுத்திய குப்பைப் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி கிளம்பும். நவம்பரில் டெல்லி தவிப்பதற்குப் பயிர்த்தாள் எரிப்பும் வாகனங்களும் எவ்வளவு காரணமோ, இந்த மூடியும் அவ்வளவு காரணம்.

நடப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு மாதம் 8 மணிக்கு மேல் போங்கள், முடிந்தால் பெரிய சாலையை விட்டு உள்தெருவில். அப்படியும் இருமல் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் ஊதிக் காட்டும் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். இந்த வயதில் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரே இடம், ஒரே நேரம். ஒரு ஆப் காற்றுத் தரம் 98 என்று பச்சையில் காட்டுகிறது. இன்னொன்று 153 என்று சிவப்பில் காட்டுகிறது. எதை நம்பிப் பிள்ளையை விளையாட அனுப்புவது?
— வாசகி, பெரம்பூர், சென்னை

இரண்டுமே சரியாக இருக்கலாம்! காற்றில் உண்மையில் அளப்பது ஒரு கன மீட்டரில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் என்பதைத்தான். அதை 0 முதல் 500 வரையிலான எண்ணாக மாற்றும் அளவுகோல் நாட்டுக்கு நாடு வேறு. பி.எம். 2.5 (குறுக்களவு 2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகள்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு 59 மைக்ரோகிராம் என்று வையுங்கள். இந்திய அளவுகோலில் அது 98, 'திருப்தி' வகை. அமெரிக்க அளவுகோலில் அதே 59 மைக்ரோகிராம் 153, 'உடல்நலத்துக்குக் கேடு' வகை. ஆகவே வண்ணத்தைப் பார்க்காதீர்கள், ஆப்பில் கொஞ்சம் கீழே தள்ளினால் மைக்ரோகிராம் கணக்கு இருக்கும், அதைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு 24 மணி நேரத்துக்கு 15, ஆண்டு சராசரி 5. நம் நாட்டு வரம்பு 24 மணி நேரத்துக்கு 60, ஆண்டு சராசரி 40. இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். குழந்தைக்கு இளைப்பு இருந்தால் 60ஐத் தாண்டும் நாளில் ஓடியாடும் விளையாட்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

நான் வேதியியல் படிக்கிறேன். ஒரு மனிதர் ஒரு நாளில் 12 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்தால், 60 மைக்ரோகிராம் மாசு உள்ள ஊரில்கூட மொத்தம் 720 மைக்ரோகிராம்தான் வருகிறது. ஒரு மில்லிகிராம்கூட இல்லை. இவ்வளவு சின்ன அளவு மாரடைப்பு வரை கொண்டுபோகும் என்பதை எப்படி நம்புவது?
— மாணவி, திருச்சி

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. உங்கள் கணக்கு சரி.

நான் சில வருடம் மொட்டை மாடிகளில் காற்று மாதிரிக் கருவியைப் பார்த்துக்கொண்டவன். ஒரு சின்னப் பம்பு 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர் காற்றை இழுத்து, அப்பளத்தைவிடச் சிறிய ஒரு வெள்ளை வட்டத் தாள் வழியே விடும். தாளைப் போடும் முன்பும் கழற்றிய பின்பும் எடை போடுவோம்; மூச்சு பட்டாலே எண் ஆடும் அளவு நுட்பமான தராசு. வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மில்லிகிராம், ஒன்றரை மில்லிகிராம்தான். ஆனால் தாளைப் பார்த்தால் அந்த எடையை நம்ப முடியாது. பேருந்து நிலையத்துப் பக்கம் என்றால் சாம்பல் நிறம், போகிக்கு மறுநாள் கழற்றினால் தோசைக்கல் அடிப்பக்கம் போலக் கறுப்பு.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது? எடையைவிட எண்ணிக்கையும் மேற்பரப்பும் இங்கே முக்கியம். 10 மைக்ரான் தூசி ஒன்றை 0.1 மைக்ரான் துகள்களாக உடைத்தால் பத்து லட்சம் துகள் கிடைக்கும், மொத்த எடை மாறாது, மேற்பரப்பு நூறு மடங்காகிவிடும். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியோடு தள்ளிவிடும். நுண்துகள் நுரையீரலின் காற்று நுண்ணறை வரை போய்விடும், ஒட்டியிருக்கும் உலோகத்தையும் கரியில் படிந்த நச்சுகளையும் அங்கே இறக்கிவிடும். உடம்பு அதை எதிரியாக எண்ணி அழற்சியைத் தொடங்கும், அந்த அழற்சி நுரையீரலோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து, ரத்தம் உறைவதையும் ரத்தக்குழாய்ச் சுவரையும் பாதிக்கும். இதய மருத்துவர்கள் காற்றைப் பற்றிப் பேசுவது இதனால்தான்.

சரி, மனிதரிடம் நிரூபித்திருக்கிறார்களா? அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய உருக்காலை இருந்தது. 1986 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்குச் சற்று மேல் அது மூடிக் கிடந்தது. ஆர்டன் போப் என்ற பொருளியல் பேராசிரியர் மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக் கோளாறால் சேர்க்கப்பட்ட குழந்தைகள், ஆலை மூடிய குளிர்காலத்தைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. மூடும் முன்பும், மூடியபோதும், திறந்த பின்பும் சேகரித்த காற்றுத் தாள்கள் பத்திரமாக இருந்தன. அவற்றிலிருந்து எடுத்த சாற்றை, உடல்நலமுள்ள தன்னார்வலர்களின் நுரையீரலில் அளந்து விட்டுப் பார்த்தார்கள். முடிவு 2001இல் வெளியானது. அளவு 500 மைக்ரோகிராம், உங்கள் 720ஐவிடக் குறைவு. ஆலை ஓடிய வருடங்களின் சாறு அழற்சியைக் கிளப்பியது, மூடிய வருடத்தின் சாறு அவ்வளவு கிளப்பவில்லை. எடை ஒன்றுதான், உள்ளே இருந்த உலோகங்கள் வேறு.

இன்னொன்று, 1993இல் வந்த ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு. 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். புகைபிடித்தல் போன்றவற்றைக் கழித்த பிறகும், மாசு அதிகமான ஸ்டூபன்வில் நகரில் இறப்பு விகிதம் மாசு குறைந்த போர்ட்டேஜைவிட 26 சதவீதம் கூடுதல். ஸ்டூபன்வில்லின் நுண்துகள் சராசரி எவ்வளவு தெரியுமா, சுமார் 30 மைக்ரோகிராம். நம் நாட்டு ஆண்டு வரம்பான 40க்கும் கீழே. இதைப் படித்த நாளிலிருந்து 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று யார் சொன்னாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. நீங்கள் வேதியியல் படிக்கிறவர், தயவுசெய்து இந்தப் பக்கம் வாருங்கள், எடை போட ஆள் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஆள் போதவில்லை.

கைக்குழந்தை இருக்கும் அறையில் இரவு முழுக்கக் கொசுவர்த்தி ஏற்றலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம் அம்மா. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஒரு ஆய்வு அளந்து சொன்னது. ஜன்னலை அடைத்துக்கொண்டு ஏற்றுவது இன்னும் மோசம். கொசுவலைதான் நல்லது. சாம்பிராணிப் புகையும் புகைதான், குளித்த குழந்தையின் தலைமாட்டில் பிடிக்க வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகுமா?
— வாசகர், சேலம்

கண்ணுக்கு நல்லது, வையுங்கள். காற்றுக்கு அல்ல. ஜன்னல் வழியே வரும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குக் குறைந்தது 10, அதிகம் 1,000 செடி வேண்டும் என்று 2019இல் பழைய சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள் கணக்கிட்டார்கள். அதுவும் வாயுக்களுக்கான கணக்கு, தூசிக்கு இல்லை.

காற்றில் உள்ள துகள்கள் வெயிலைத் தடுத்துப் பூமியைக் குளிர்விக்கின்றன என்று படித்தேன். அப்படியானால் காற்றைச் சுத்தம் செய்தால் வெப்பம் கூடிவிடாதா?
— வாசகர், மதுரை

பாதி உண்மை. நிலக்கரி எரியும்போது வரும் கந்தகம் சல்பேட் துகளாகி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. 1991இல் பினடுபோ எரிமலை வெடித்தபோது மேலே போன கந்தகம் உலகச் சராசரி வெப்பநிலையைச் சுமார் அரை டிகிரி இறக்கியது. ஆனால் கரித்துகள் நேர் எதிர், வெயிலைக் குடித்துச் சூடாகும். இதை நம் கடலிலேயே பார்த்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போன வீரபத்ரன் ராமநாதன் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வில், 1999 தொடக்கத்தில் விமானம், கப்பல், மாலத்தீவுக் கூடம் எல்லாம் வைத்து அளந்தபோது, கடலுக்கு மேல் சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துக்குப் பழுப்புப் புகைமூட்டம் நின்றது. கீழே கடலுக்குக் கிடைக்கும் வெயிலை அது குறைத்தது, மேலே காற்றைச் சூடாக்கியது.

குளிர்ச்சிக்காக அழுக்குக் காற்றை வைத்துக்கொள்ளலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதற்கு விலை கொடுப்பவை குழந்தைகளின் நுரையீரல்கள். கந்தகத்தையும் கரியையும் கரியமில வாயுவையும் சேர்த்தே குறைக்க வேண்டும், அதில் கரியை முதலில் பிடிக்கலாம். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். கரித்துகள் சில நாள், மிஞ்சினால் ஒரு வாரம் பத்து நாளில் மழையோடு இறங்கிவிடும். இன்று விறகடுப்பையும் பழைய டீசல் வண்டியையும் செங்கல் சூளைப் புகையையும் குறைத்தால் அடுத்த மாதமே காற்றில் தெரியும், அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அன்றைக்கே தெரியும்.