எந்நேரமும் சார்ஜில் கிடக்கும் லித்தியம் பேட்டரி: கேள்வி பதில்

வீட்டில் நாமே செய்து மாட்டும் கருவிகளில் லித்தியம் பேட்டரி வைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்த வரைக்கும்:

கோவையிலிருந்து: அண்ணா, ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு) வைத்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அளவுகாட்டி செய்திருக்கிறேன். டிபி4056 சிப் உள்ள சார்ஜர் போர்டு, ஒரு 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்). அடாப்டர் எப்போதும் செருகியே இருக்கும். நிரம்பியதும் தானாக நின்றுவிடும் என்கிறார்கள், சரிதானே?

நிற்கும், செல்லில் வேறு லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் கருவி, தொங்காவிட்டால். 4.2 வோல்ட்டை எட்டியபின், உள்ளே போகும் கரண்ட் செட் செய்த அளவில் பத்தில் ஒன்றாக இறங்கினால்தான் அந்த சிப் நிறுத்தும். போர்டோடு வரும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு சார்ஜ் கரண்ட் 1 ஆம்பியர். அப்படியென்றால் நிற்க வேண்டிய இடம் 100 மில்லிஆம்பியர். வைஃபையில் இருக்கும் உங்கள் ஈஎஸ்பி32 தன் பங்குக்கே கிட்டத்தட்ட அவ்வளவு குடிக்கும். குடிப்பது செல்லா போர்டா என்று சிப்புக்குத் தெரியாது, ஊற்றிக்கொண்டே இருக்கும். செல் இரவும் பகலும் 4.2-லேயே நிற்கும், சீக்கிரம் கிழடாகும்.

ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்வது), ஒரு ஷாட்கி டயோடு (கரண்டை ஒரே பக்கம் விடுவது), ஒரு ரெசிஸ்டர் சேர்த்தால் தீரும். அடாப்டர் இருக்கும்போது லோடு டயோடு வழியாக அடாப்டரிலிருந்தே எடுக்கும், கரண்ட் போனால் மாஸ்ஃபெட் திறந்து செல் கைகொடுக்கும். 'லோடு ஷேரிங்' என்று தேடினால் படம் கிடைக்கும்.

அப்புறம் வெயில். பெரும்பாலான 18650 செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சூட்டைப் பார்க்க டிபி4056 சிப்பில் ஒரு கால் (பின்) உண்டு. மலிவு போர்டுகளில் அதை கிரவுண்டில் சேர்த்துக் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். மே மாதம் மொட்டை மாடியில் மூடிய டப்பாவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சென்சார் மட்டும் மேலே இருக்கட்டும், மற்றதெல்லாம் வீட்டுக்குள் வரட்டும்.

கடைசியாக ஒன்று, தம்பி. கரண்ட் போனால் மோட்டாரும் ஓடாது. அந்த நேரத்தில் தொட்டி அளவு தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்? பேட்டரி வேண்டுமா என்பதை முதலில் யோசியுங்கள்.

மதுரையிலிருந்து: பழைய டேப்லெட்டை சுவரில் மாட்டி, வாசல் கேமராவைப் பார்க்கிறோம். 24 மணி நேரமும் சார்ஜில். பின்மூடி லேசாகத் தூக்கியிருக்கிறது. பசை போட்டு ஒட்டலாமா?

வேண்டாம்! பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்குங்கள், அணையுங்கள், திரைச்சீலையோ மெத்தையோ இல்லாத இடத்தில் சிமெண்ட் தரையில் வையுங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். போன வருடம் என் மேசைக்கு ஒன்று வந்தது. கண்ணாடி ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி. அதை மூட இரண்டு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். திறந்தால் வெள்ளி நிறப் பை பூரி மாதிரி எழும்பி நிற்கிறது, நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல இனிப்பான வாடை. அந்த வாடை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள்.

குப்பையில் போடாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

சென்னையிலிருந்து: 9,900 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) கொள்ளளவு என்று போட்ட 18650 செல் மலிவாக வருகிறதே, வாங்கலாமா?

பொய். அந்த அளவு செல்லில் நல்லதே சுமார் 3,500-தான்.

சேலத்திலிருந்து: சார், எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஆறு வருடமாக சார்ஜிலேயே இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. லித்தியத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயமுறுத்தல்?

அது லெட் ஆசிட். கூடுதலாகப் போகும் கரண்ட் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கும், நீங்கள் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சரிக்கட்டுவீர்கள். லித்தியம் செல்லுக்கு அப்படி ஒரு வடிகால் கிடையாது.

மறுபடி சேலம்: என் லேப்டாப்பும் நாலு வருடமாக சார்ஜில்தான் இருக்கிறது, சார். வெடித்ததா?

வெடிக்கும் என்று நான் சொல்லவே இல்லை. வேகமாகக் கிழடாகும் என்கிறேன். முழு சார்ஜில் 40 டிகிரியில் ஒரு வருடம் வைத்தால் சுமார் 65 சதவீதக் கொள்ளளவுதான் மிஞ்சும். 40 சதவீத சார்ஜில் வைத்தால் 85. கிழடான செல்தான் உப்புகிறது. லேப்டாப்பில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள்.

திருச்சியிலிருந்து: இதற்கெல்லாம் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் போட்டால் முடிந்தது. இவ்வளவு பேச்சு எதற்கு?

பாதி சரி. எல்எஃப்பி சூட்டைத் தாங்கும், சீக்கிரம் தீப்பிடிக்காது. எப்போதும் ஓடும் கருவிக்கு என் முதல் தேர்வும் அதுதான். ஆனால் அதன் உச்சம் 3.65 வோல்ட். இருக்கிற டிபி4056-ஐ அப்படியே வைத்து எல்எஃப்பியை மாட்டினால் 4.2 வரை ஏற்றிவிடும். சார்ஜரையும் மாற்ற வேண்டும்.

சேலம், மூன்றாம் முறை: அது இருக்கட்டும் சார், என் லேப்டாப்பில் டச்பேட் ஒரு மாதமாக கிளிக் ஆகவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். பேட்டரி உப்பினால் கீழிருந்து டச்பேடைத் தள்ளும். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோட்டிலிருந்து: மூன்று 18650 தொடராக, 12 வோல்ட் ரவுட்டருக்கு. பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் போர்டு) இருப்பதால் 12 வோல்ட் அடாப்டரை நேரே கொடுத்துவிட்டேன்.

பிஎம்எஸ் சார்ஜர் அல்ல. எல்லை மீறினால் கதவை மூடும் காவல்காரன், அவ்வளவுதான். செல்லுக்கு 4 வோல்ட் வருவதால் வோல்ட்டேஜில் தப்பித்தீர்கள். கரண்டைக் கட்டுப்படுத்த ஆளில்லை. 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜர் என்றே கேட்டு வாங்குங்கள்.

வேலூரிலிருந்து: பிஎம்எஸ் இருந்தால் தனி சார்ஜர் வேண்டுமா?

மேலே.

நெல்லையிலிருந்து: பிஎம்எஸ்சிலேயே சார்ஜர் இருக்கும் அல்லவா?

இல்லை. ஈரோடு, வேலூர், இப்போது நீங்கள்.

டொரன்டோவிலிருந்து: கராஜில் சென்சார், குளிர்காலத்தில் மைனஸ் 15.

0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படியும். ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ செல் போடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: எந்த நிறுவனத்தின் ரவுட்டர் யுபிஎஸ் நல்லது?

அது என் வேலை இல்லை.

காரைக்குடியிலிருந்து: பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் எல்ஈடி சரம், 18650 பேட்டரியோடு. முன்னால் விளக்கு ஏற்றுவோம். பரவாயில்லையா?

மர அலமாரி, எண்ணெய், எரியும் திரி, அதன் பின்னால் முழு சார்ஜில் லித்தியம் செல். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சரம் அடாப்டரிலேயே எரியும், கரண்ட் போனால் அகல் விளக்கு இருக்கிறதே.