துபாயில் வேலை, ஓசூரில் வீடு: வாடகைக்கு வரி உண்டா?

கேள்வி இதுதான்: துபாயில் இருக்கிறீர்கள், ஓசூர் வீட்டுக்கு மாதம் 18,000 வாடகை வருகிறது, இந்தியாவில் வரி கட்ட வேண்டுமா?

வீடு இங்கே இருப்பதால் கணக்கும் இங்கேதான். ஆண்டுக்கு 2,16,000. அதில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழியும். செலவு செய்த ரசீது தேவையில்லை. வீட்டுக்கடன் இருந்தால் வட்டியும் கழியும். மிஞ்சுவது சுமார் ஒன்றரை லட்சம். இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் வரி பூஜ்யம்.

சிக்கல் குடியிருப்பவர் பக்கம். உரிமையாளர் வெளிநாட்டுவாசி என்றால், வாடகை எவ்வளவு சிறியதானாலும் குடியிருப்பவர் 31.2 சதவீதம் டி.டி.எஸ். (வாடகை தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். உங்கள் வாடகையில் மாதம் 5,616 ரூபாய். அதற்கு அவர் டேன் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான பதிவு எண்) வாங்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வட்டியோடு அவர் தலையில்தான் விழும். சிப்காட்டில் ஷிப்டு பார்த்துவிட்டு வருபவரிடம் இதைச் சொன்னால் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்! அதனால் வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு (வரியைக் குறைத்துப் பிடிக்க அனுமதிப்பது) முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பிடித்துவிட்டார்களா, ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும்.

வாடகையை என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) வாங்குங்கள், பழைய சேமிப்புக் கணக்கில் வேண்டாம்.

அப்புறம், ஊரில் ஒருவருக்குப் பவர் (உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்துவிடுங்கள். இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய பத்திரத்துக்கு, அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி அதைப் பதியவும் வேண்டும். மச்சான் வாய்ப்பேச்சில் பார்த்துக்கொள்வார் என்று விட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நாளில்தான் வம்பு தொடங்கும்.